பட்டினி கிடந்த தட்டு

1

இந்தக் கதை, சந்திப்பிழை தேடப் போன இடத்தில் அகப்பட்டது. பெரிய எழுத்தாளர்களுக்குக் கதை கனவில் வருமாம், மழையில் வருமாம். எனக்கு அது சாப்பாட்டு மேசையில், உப்புக் குப்பிக்கும் தண்ணீர்க் குவளைக்கும் நடுவில், ஒற்றைத் தாளாக வந்தது. கொண்டுவந்தவள் என் மகள். புற்றுநோய் ஆய்வுக்கூடம் ஒன்றில் முனைவர் பட்டத்துக்காக உழைப்பவள். அந்தக் கூடத்தார் ஆண்டுதோறும் நோயாளிகளின் குடும்பத்தாரை அழைத்து, தாங்கள் என்ன கண்டோம் என்பதை அவர்களுக்கு விளங்கும் தமிழில் எடுத்துச் சொல்வார்கள். இவ்வாண்டு பேசும் பொறுப்பு அவளுக்கு. தாளில் இருந்தது அந்தப் பேச்சு.

"ஒற்று மட்டும் பாருங்கப்பா. கருத்துக்குள்ள போகாதீங்க."

பிள்ளைகளின் விடைத்தாள்களைக் கருத்துக்குள் போகாமலே திருத்தி ஓய்வு பெற்றவன் நான். ஆகவே எளிய வேலை என்று எண்ணினேன். ஐந்தாம் வரியில் நின்றுவிட்டேன்.

'இந்த முறை இரண்டு தட்டுகளுக்கும் புதிய ஊடகம் மாற்றப்பட்டது.'

ஒற்றுப்பிழை எதுவுமில்லை. ஆனாலும் அந்த வாக்கியம் எதையோ வாய்க்குள் அடக்கிக்கொண்டு நிற்பதுபோல் இருந்தது.

"'இந்த முறை'ன்னா? அப்போ போன முறை?" என்று கேட்டேன்.

மகள் தண்ணீர் குடித்தாள். குவளை காலியான பிறகும் குடித்தாள்.

"இதுக்குத்தான் கருத்துக்குள்ள போகாதீங்கன்னு சொன்னேன்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடித்து என் முகத்தைப் பார்த்தாள். "எழுதப் போறீங்க, தெரியுது. எழுதுங்க. நரி மட்டும் வேண்டாம்."

(நரியின்மேல் அவளுக்குச் சிறுவயது முதலே கோபம். அவள் செய்த ஒவ்வொரு குறும்புக்கும் அடிக்குப் பதிலாக ஒரு நரிக்கதை சொல்லித்தான் வளர்த்தேன். அடியே வாங்கியிருக்கலாம், சீக்கிரம் முடிந்திருக்கும் என்று இன்றைக்கும் சொல்வாள்.)

2

முதல் தொடக்கம்:

'ஒரு காட்டில் சிங்கம் ஒன்று ஆய்வுக்கூடம் நடத்திவந்தது. கருத்தரங்கத்துக்கென்று கோட்டு தைக்கக் கொடுத்திருந்தது. அங்கே ஒரு முயல் இராப்பகல் பாராது—'

நரிக்குத்தான் தடை, சிங்கத்துக்கு இல்லை என்பது என் வாதம். என் மனைவி அந்தத் தாளைக் கையில் வாங்கிப் படித்தாள்.

"சிங்கத்துக்குப் பசிச்சா அடிச்சுத் தின்னுட்டுப் படுத்துக்கும். உங்க சிங்கம் ஏங்க கருத்தரங்கத்துக்குக் கோட்டு தைக்கக் குடுக்குது?"

நியாயமான கேள்வி. விலங்குகளிடம் கதாசிரியனுக்கு உதவாத குறை ஒன்று உண்டு: அவற்றுக்குப் புகழாசை கிடையாது. எந்தச் சிங்கமும் தான் அடித்த மானின்மேல், ஆய்வுக் கட்டுரையில் போடுவதுபோல, ஆசிரியர் பெயர்வரிசை எழுதி வைத்ததில்லை. உதவிய ஓநாய்களுக்கு நன்றி தெரிவித்ததுமில்லை. காட்டைக் கைவிட்டேன்.

இரண்டாம் தொடக்கம்:

'அன்று வானம் இருண்டு கிடந்தது. ஆய்வுக்கூடத்துச் சன்னலருகே நின்ற அந்த இளம்பெண்ணின் கண்களில்—'

"எங்க கூடத்துல சன்னலே கிடையாதுப்பா," என்றாள் மகள். வானத்தையும் கண்களையும் ஒரே கோட்டில் அடித்துவிட்டேன்.

மூன்றாவதாக, தொடங்காமலே விளக்கத்துக்குப் போகிறேன். ஆசிரியனுக்கு வேறென்ன தெரியும்?

3

நம் உடலின் செல் ஒவ்வொன்றுக்குள்ளும் மரபிழை என்றொரு நீண்ட நூல் இருக்கிறது. நூல் என்ற சொல் இழையையும் புத்தகத்தையும் ஒருங்கே குறிப்பது, தமிழ் அறிவியலாருக்குச் செய்துவைத்திருக்கும் பேருதவி; அவர்கள் நன்றி சொன்னதாகத் தெரியவில்லை. இந்த நூல் சின்னஞ்சிறு உருளைகளில் சுற்றி வைக்கப்பட்டிருக்கிறது. உருளைகளுக்கு ஹிஸ்டோன் என்று பெயர். இறுகச் சுற்றிய இடத்தைச் செல்லால் படிக்க இயலாது. தளர்ந்த இடத்தைப் படிக்கலாம். உருளையிலிருந்து வால்போல நீளும் நுனியில் அசெட்டைல் என்னும் துக்கடா மூலக்கூறு வந்து ஒட்டிக்கொண்டால் பிடி தளரும். எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று அளப்பதுதான் என் மகளின் தொழில்.

'போதும், இனி வளராதே' என்று எழுதியிருக்கும் பக்கங்கள் புற்றுநோய்ச் செல்லில் பலசமயம் இறுகக் கட்டப்பட்டுக் கிடக்கின்றன. கட்டைத் தளர்த்தும் மருந்தொன்று கிடைத்தால், செல் அந்தப் பக்கத்தை மறுபடி படிக்கக்கூடும். (இந்தக் 'கூடும்' என்ற சொல்லைப் பத்திரமாகப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆய்வுக் கட்டுரையில் அது இருக்கும். செய்தித்தாளுக்குப் போகும் வழியில் எப்படியோ தொலைந்துவிடும்.)

அளப்பது இப்படி. செல்களை உடைத்து, அவற்றின் புரதங்களை ஜெல் என்னும் வழுக்கலான பலகையில் ஓடவிட்டு, பின் ஒரு மெல்லிய சவ்வுக்கு மாற்றுகிறார்கள். அசெட்டைல் ஒட்டிய உருளையை மட்டும் தேடிப் பற்றிக்கொள்ளும் ஒரு பொருளை அதன்மேல் ஊற்றுகிறார்கள். பற்றிய இடம் ஒளிரும். படத்தில் அது கறுப்புக் கோடாக விழும். தடித்த கோடென்றால் ஒட்டு மிகுதி. மெலிந்த கோடென்றால் குறைவு. அந்தக் கோட்டின் பருமனில் ஒருவருடைய பட்டம், பதவி, விமானப் பயணம், சுவரில் மாட்டும் கேடயம் அனைத்தும் தொங்குகின்றன.

"கோடு தடிச்சிருக்கா மெலிஞ்சிருக்கான்னு பாக்கறதுக்கா இவ்ளோ படிப்பு?" என்று கேட்டாள் என் மனைவி.

"தடிச்சிருக்குன்னு சொல்றதுக்குப் படிப்பு வேண்டாம்மா. மெலிஞ்சிருக்குன்னு சொல்றதுக்குத்தான் வேணும்," என்றாள் மகள்.

4

சென்ற ஆண்டின் சோதனையில் தட்டுகள் இரண்டு. இரண்டிலும் ஒரே வகைப் புற்றுநோய்ச் செல்கள். ஒன்றில் புதிய மருந்து; மற்றதில் ஒன்றுமில்லை. ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான இந்த இரண்டாம் தட்டைக் கூடத்தில் கண்ட்ரோல் என்பார்கள். செல்கள் சிவந்த திரவம் ஒன்றில் மூழ்கிக் கிடக்கும். அதுதான் ஊடகம், அவற்றின் உணவு. உணவு தீரத்தீரச் சிவப்பு மஞ்சளாகும்.

மருந்துத் தட்டில் பழைய ஊடகத்தை உறிஞ்சி எடுத்துவிட்டு, மருந்து கலந்த புதிய ஊடகத்தை ஊற்றினார்கள். கண்ட்ரோல் தட்டில் ஊற்றுவதற்கு ஒன்றுமில்லை அல்லவா? ஆகவே அதைத் தொடவில்லை. மறுநாள் மருந்துத் தட்டின் கோடு கன்னங்கரேலென்று தடித்திருந்தது. கண்ட்ரோலின் கோடு நோஞ்சானாக இருந்தது. மருந்து கட்டைத் தளர்த்துகிறது என்று குடும்பத்தார் கூட்டத்தில் அறிவித்தார்கள். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது.

சோதனையைச் செய்தவள் என் மகளேதான்.

ஊடகம் மாற்றுவதை அந்தக் கூடத்தில் யாரும் ஊடகம் மாற்றுவது என்று சொல்வதில்லை என்பதை இங்கே குறித்தாக வேண்டும். "சாப்பாடு போட்டாச்சா?" என்றுதான் கேட்பார்கள். நாள்தோறும் கேட்பார்கள். வாயெல்லாம் சாப்பாடு என்று சொல்லிக்கொண்டே, ஒரு தட்டு சாப்பிட்டிருக்கிறது, மற்றது பட்டினி என்பதை ஒருவரும் கவனிக்கவில்லை. படித்தவர்கள் மட்டுமே செய்யத்தக்க பிழை இது. ஏனென்றால் படிக்காதவரிடம் இரண்டு தட்டுகளைக் காட்டினால் அவர் முதலில் கேட்பதே, எதில் சோறு போட்டிருக்கிறது என்பதாகத்தான் இருக்கும்.

இவ்வாண்டு சோதனையை மறுபடி செய்தபோது இரண்டு கோடுகளும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி வந்தன. மருந்து கெட்டுவிட்டது என்று எண்ணிப் புதுக் குப்பியை உடைத்துச் செய்தாள். மறுபடியும் இரட்டையர். மகளோடு வேலை செய்யும் ஒருவனுக்கு அங்கே 'சுழலி' என்று பட்டப்பெயர். ஓரிடத்தில் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருப்பவன். அவளுடைய தட்டுகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை இம்முறை அவனிடம்தான் விட்டிருந்தாள்.

"கண்ட்ரோலை நீ தொடலையே?" என்று அவனைக் கேட்டாள்.

"தொட்டேனே. எல்லாத் தட்டுக்கும் சாப்பாடு போட்டேன். மஞ்சளா வெளுத்துப் போய்க் கெடந்துச்சு, பாக்கவே பாவமா இருந்துச்சு."

"கண்ட்ரோலுக்கு எதுக்குடா போட்டே?"

"அது மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு? மருந்துத் தட்டு உனக்கு மாப்பிள்ளை, விருந்து வெப்ப. கண்ட்ரோல் மூத்தாள் பிள்ளை, பட்டினி போடுவியா?"

"டேய். இன்னொரு தடவை சொல்லு."

"எதை? மூத்தாள் பிள்ளைன்னா?"

"அதுக்கு அடுத்தது."

பிறகு அவள் மருந்தையே சேர்க்காமல் ஒரு தட்டுக்கு மட்டும் உணவு மாற்றிப் பார்த்தாள். கன்னங்கரேலென்று கோடு விழுந்தது. விருந்துக்குப் போனவர் இடுப்பு வாரைத் தளர்த்திக்கொள்வதுபோல, வயிறு நிறைந்த செல் தன் நூலைத் தளர்த்திக்கொண்டிருக்கிறது. சென்ற ஆண்டு அரங்கம் கைதட்டியது மருந்துக்கு அன்று, சாப்பாட்டுக்கு.

5

இனி வில்லன் வர வேண்டும். கூடத்தின் தலைவரை அந்த வேலைக்கு அமர்த்தினேன்.

'தலைவர் மேசைமீது ஓங்கி அறைந்தார். "வெளியே போ!" என்று கர்ஜித்தார். அவருடைய—'

மகள் இதைப் படித்துவிட்டுச் சிரித்தாள். எனக்குப் பிடிக்காத வகைச் சிரிப்பு.

"அவர் கத்தவே மாட்டார்பா. எதைப் பாத்தாலும் 'பிரமாதம்'னு சிரிப்பார். நாங்க அவருக்கு வெச்ச பேரே பிரமாதம்தான். அவர் சிரிச்சாத்தான் எங்களுக்குப் பயம்."

"சரி, சிரிக்க வெச்சிடறேன்."

"அதில்லப்பா. என்னைப் பத்தி எத்தனை பக்கம் எழுதியிருக்கீங்க! தாகம் எடுத்தா தண்ணி குடுத்திருக்கீங்க, பேச அழகா வசனம் குடுத்திருக்கீங்க. அவருக்கு ஒரே ஒரு வரி, அதுலயும் கர்ஜனை. அப்புறம் நான் நல்லவ, அவர் கெட்டவர்னு ஏன் தெரியாது? என் போன வருஷத்துச் சோதனை மாதிரியே இருக்கு, உங்க கதை."

கர்ஜனையை அடித்துவிட்டேன். அவருக்கும் உணவு போட்டாக வேண்டும். எனவே, அவளிடம் கேட்டுக் கேட்டு எழுதியது:

பிரமாதம் நின்றுகொண்டே மதியச் சாப்பாட்டை முடிப்பவர். குடும்பத்தார் கூட்டம் கலைந்த பிறகு, நாற்காலிகளை அடுக்கும்வரை இருந்து ஒவ்வொருவரிடமும் பேசுவார். அவரவர் பிள்ளைகள் எந்த வகுப்பில் படிக்கிறார்கள் என்பதுகூட அவருக்கு நினைவிருக்கும். இதற்கு முன்பு வேறொரு மருந்து பொய்த்துப் போனபோது, அதை நம்பியிருந்த குடும்பங்களை ஒவ்வொன்றாகத் தொலைபேசியில் அழைத்து, தாமே சொன்னார். அன்று அறைக் கதவு மூடியே இருந்தது. வெளியே வந்தபோது 'பிரமாதம்' என்று சொல்லவில்லை. ஒருமுறை அதைச் செய்தவர்தான். இரண்டாம் முறைக்கு அவரிடம் தெம்பில்லை. அவ்வளவுதான்.

மனைவி படித்தாள். "என்னங்க, இப்போ இவரைத் திட்டவும் முடியல?"

முடியாது. இரண்டு தட்டுக்கும் சமமாக உணவு போட்டால் இதுதான் தொல்லை. கோடுகளில் வித்தியாசம் தெரிவதில்லை.

6

ஆயினும் வித்தியாசம் உண்டு. அவருடைய அறைக்குள் போவோம்.

என்னிடம் காட்டிய அதே பேச்சுத் தாளோடும் புதிய படங்களோடும் மகள் போனாள். அவர் படங்களை விளக்கொளியில் நெடுநேரம் பார்த்தார். பின்பு சிரித்தார்.

"பிரமாதம்மா! சாப்பிட்டா அசெட்டைல் ஏறுது. புதுசு!"

"புதுசு இல்ல சார். வேற இடங்கள்ல ஏற்கெனவே பாத்திருக்காங்க."

"நம்ம செல்லுல பாக்கலையே? அப்போ நம்ம செல்லுக்குப் புதுசு. கட்டுரையை நீ எழுது. முதல் பேர் உன்னுது. அடுத்த வருஷம் இந்நேரம் நீ டாக்டர்."

"போன வருஷக் கோடு, சார்?"

"அது வேற கதை."

"அதே தட்டு, சார்."

"தட்டு அதேதாம்மா. கதைதான் வேற."

அந்தத் தாளை வாங்கி ஐந்தாம் வரியில் பென்சிலால் எதையோ சேர்த்தார். தலையைச் சாய்த்துப் பார்த்தார். "இப்போ பாரு, எவ்ளோ அழகா இருக்கு!"

வீட்டுக்கு வந்த தாளில் வாக்கியம் இப்படி இருந்தது: 'இந்த முறையில் இரண்டு தட்டுகளுக்கும் புதிய ஊடகம் மாற்றப்பட்டது.'

வாசகர் பொறுத்தருள வேண்டும். இங்கே கொஞ்சம் இலக்கணம். 'முறை' என்ற சொல்லுக்குத் தடவை என்றும் பொருள், வழி என்றும் பொருள். 'இந்த முறை' என்றால் இந்தத் தடவை. அதைக் கேட்பவன், போன தடவை என்ன ஆயிற்று என்று கேட்டுவிடுவான். 'இந்த முறையில்' என்றால் இந்த வழியில். அதைக் கேட்பவன் தலையை ஆட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவான். நடுவில் இருப்பது 'யில்' என்ற ஒரு துளி. சென்ற ஆண்டு முழுவதும் அந்தத் துளிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. ஏழாம் வேற்றுமை இடத்தைக் குறிக்கும் என்று பிள்ளைகளுக்குக் கற்பித்திருக்கிறேன். ஒளிந்துகொள்ளும் இடத்தையும் குறிக்கும் என்பது பாடத்திட்டத்தில் இல்லை.

"பிழை இருக்காப்பா?" என்று கேட்டாள்.

தேடினேன். உண்மையாகவே தேடினேன், ஒரு பிழை கிடைத்துவிடாதா என்று. எழுவாய் சரி, பயனிலை சரி. பொய்கூட இல்லை. ஒரு சொல்லும் பொய் சொல்லாமல் முழு அரங்கத்தையும் ஏமாற்றக்கூடிய வாக்கியத்தை அவ்வளவு அருகில் நான் பார்த்ததில்லை.

"இலக்கணப்படி இல்லம்மா," என்றேன்.

"நீங்களுமா," என்று சொல்லிவிட்டுத் தாளை மடித்துக்கொண்டாள்.

7

முடிவு, முதல் வரைவு:

'அவள் தாளைக் கிழித்தெறிந்தாள். "மருந்து வேலை செய்யவில்லை! செய்தது வெறும் சாப்பாடு!" என்று முழங்கினாள். ஒரு கணம் மௌனம். பிறகு அரங்கமே எழுந்து—'

"எழுந்து?" என்றாள் மகள்.

"கைதட்டுது."

"மருந்து இல்லைன்னு சொல்றேன்பா. யார் தட்டுவாங்க?"

உண்மையைச் சொன்னால் கைதட்டல் கிடைக்கும் என்பதை நான் பள்ளி ஆண்டுவிழா நாடகங்களிலிருந்து கற்றிருக்கிறேன். அந்த நாடகங்களை எழுதியவனும் நானே.

முடிவு, இரண்டாம் வரைவு:

'அவள் தாளில் உள்ளபடியே படித்தாள். பட்டம் வந்தது. பதவி வந்தது. அவளுக்கென்று ஒரு கூடம் வந்தது. ஒருநாள் அவளிடம் ஒரு மாணவி தயங்கித் தயங்கி ஒரு படத்தை நீட்டினாள். அவள் அதை விளக்கொளியில் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "பிரமாதம்மா!"'

இதை மனைவியிடம் கொடுத்தேன். அவள் கண்ணாடியைக் கழற்றினாள்.

"எழுதினதுலயே இதுதாங்க நல்லா இருக்கு. கிழிச்சுப் போடுங்க."

"நல்லா இருக்குன்னு நீயே சொல்றே."

"நடந்துரும் போல இருக்கே, அதனாலதான் சொல்றேன்."

மூன்றாம் வரைவாக, இருவரும் தூங்கிய நேரம் பார்த்து, 'அப்போது அவ்வழியே வந்த நரி—' என்று தொடங்கினேன். மறுநாள் காலையில் அந்த வரியின்மேல் சிவப்பு மையில் ஒரு சுழி இருந்தது. மையின் நிறம் என்னுடையது. கையெழுத்து மகளுடையது.

8

கூட்டம் இன்னும் நடக்கவில்லை, வரும் வாரத்தில். ஆகவே இங்கே எழுதுவது நடந்ததும் அன்று, நடக்கப்போவதும் அன்று. இருந்தாலும் வாருங்கள், பின்வரிசையில் இடமிருக்கிறது.

நீண்ட அரங்கு. நாற்காலிகள் எண்ணிப் போட்டும் போதாமல் சிலர் சுவரோரம் நிற்கிறார்கள். முன்வரிசையில் தலைவர், புதுக் கோட்டில். மேடையில் மகள். நூல், உருளை, கட்டு, தளர்வு என்று அழகாகச் சொல்லி வருகிறாள். எதிரில் இருப்பவர்களின் தலைகள் அசைகின்றன. படித்தவர்கள் பேச்சுக்கு அசையும் மரியாதை அசைவு அது. எத்தனையோ பெற்றோர் கூட்டங்களில் எனக்கே கிடைத்திருக்கிறது.

ஐந்தாம் வரிக்கு வருகிறாள். "இந்த முறை—"

நிற்கிறாள். அடுத்த சொல்லுக்காக நிற்கிறாளா, 'யில்'லுக்காக நிற்கிறாளா என்று—

(இந்த இடத்தை நான் பலமுறை எழுதிப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் 'முறை'க்கும் 'யில்'லுக்கும் நடுவிலேயே பேனா நின்றுபோகிறது. எழுதுபவன் விரும்பியபடி பாத்திரம் பேசும் என்று எவரேனும் உங்களிடம் சொல்லியிருந்தால், அவருக்கு மகள் இல்லை என்று பொருள்.)

—தெரிவதற்கு முன்பே, மூன்றாம் வரிசையில் வயதான அம்மாள் ஒருவர் எழுந்துவிடுகிறார். கேள்வி நேரம் வரவில்லை. அவருக்கு அது தெரியாது. அல்லது, காத்திருந்து சலித்துவிட்டது.

"மன்னிச்சிக்கம்மா, நடுவுல கேக்கறேன். எனக்கு இந்தத் தட்டெல்லாம் புரியல. போன வருஷம் சொன்னீங்களே, அந்த மருந்து. அது எப்ப வரும்? எங்க வீட்டுக்காரருக்கு டாக்டர் வேற வைத்தியம் ஆரம்பிக்கணும்னு சொல்றார். நாங்கதான் வேண்டாம்னுட்டோம். இது வரட்டும்னு தள்ளிப் போட்டுக்கிட்டே இருக்கோம். தள்ளிப் போடலாமில்ல?"

மகள் முன்வரிசையைப் பார்க்கிறாள். தலைவர் சிரிக்கத் தொடங்குகிறார். பாதியில் அது முகத்தில் நின்றுவிடுகிறது. தம் கைகளைப் பார்த்துக்கொள்கிறார். "நீயே சொல்லும்மா," என்கிறார். பணிவாகத்தான் சொல்கிறார்.

இங்கே நிறுத்துகிறேன். நீதியை எழுதிக் கதையை முடிப்பது என் பழக்கம். இந்தக் கதைக்கு என்னிடம் நீதி இல்லை, கேட்டுக்கொண்டு நிற்கும் ஒருவர்தான் இருக்கிறார். அந்த அரங்கில் பதில் தெரிந்தவர்கள் மேடையில் ஒருத்தி, முன்வரிசையில் ஒருவர், பின்வரிசையில் நீங்கள். எதுவும் தெரியாது என்று இனி உங்களால் சொல்ல முடியாது. இவ்வளவு தூரம் படித்துவிட்டீர்கள்.

ஆகவே நீங்கள் சொல்லுங்கள். சத்தமாகச் சொல்லுங்கள். அந்த அம்மாளுக்குக் காது சற்று மந்தம். இரண்டு தடவை சொல்ல வேண்டியிருக்கும்.